மோகனாவுக்கு ஒரு ரிங்

குக்கரில் மூன்றாவது விசில் வந்தபோதுதான் நவநீதத்துக்கு உறைத்தது, கிணற்றில் ஆள் இறங்குகிற நாள் இன்றைக்கு என்று. கையில் போன் இருந்தது. அறுபத்து மூன்று வரை எண்ணியிருந்தாள். அறுபத்து நாலு வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. நேற்று சாயங்காலம் கிணற்றின் மறுபாதிக்காரன் முனிரத்தினம் போனில் கூப்பிட்டு, "அண்ணி, நாளைக்கு நம்ம கெணத்துல தூர் வாரப் போறோம், நாலு ஆளு எறங்கறாங்க, கூட்டுக் கெணறாச்சே, சொல்லாம செஞ்சான்னு இருக்கக் கூடாது பாருங்க" என்றான். சரிப்பா என்றாள். சரிப்பா என்று சொல்லிவிட்டு முட்டிவலியைப் பற்றிப் பேசினாள், மழை இல்லாததைப் பற்றிப் பேசினாள். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து பல்லிடுக்கில் கீரைநார் மாட்டினாற்போல ஏதோ நெருடிக்கொண்டேயிருந்தது. பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போது நெருடியது, குழாயடியில் நெருடியது. என்ன என்னவென்று யோசித்து, சிலிண்டருக்குச் சொல்ல மறந்துவிட்டோம்போல என்று தானே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டாள். பதினொரு மணி ஆனதும் கை பாட்டுக்குப் போனை எடுத்து ஒரு ரிங் விட்டுவிட்டது. கொரட்டூரில் ஒரு சமையலறையில் அடுப்புக்கு முன்னால் நின்றபடி அவள் விட்ட ரிங், வந்தவாசிக்கும் அந்தப் பக்கம், கிணற்றுமேட்டுக் கொட்டகையில் தொங்குகிற பெட்டிக்குள் போய் விழுந்திருக்கும். விழுந்தால் மோட்டார் ஓடும். மோட்டார் ஓடினால்.

அடுப்பை அணைத்தாள். அணைத்தோமா என்று மறுபடியும் குனிந்து பார்த்தாள். அந்தப் பெட்டியை வாங்கி மாட்டியவர் அவள் புருஷன் வேதகிரி. அவர் போய் நாலு மாசமும் பதினோரு நாளும் ஆகிறது. பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. அந்த எண்ணுக்கு ஒரு ரிங் விட்டால் மோட்டார் ஓடும், இன்னொரு ரிங் விட்டால் நிற்கும். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று வேறு விதமாகவும் வைத்துக்கொள்ளலாமாம். "ஒனக்கு அதெல்லாம் சரிப்படாது நவநீதம். நீ ஒண்ணுக்கு ரெண்ட அமுக்கிட்டு ஊரக் கூட்டுவ" என்று பின்னால் ஒரு நாள் சிரித்து, அவளுக்காகவே அதை மாற்றாமல் விட்டு வைத்தார். ரிங் போனதும் அந்தப் பக்கம் ஒரு பெண் எடுப்பாள். பதிந்து வைத்த குரல்தான். வணக்கம் என்பாள். மோட்டார் இயக்கப்பட்டது என்பாள், அல்லது நிறுத்தப்பட்டது என்பாள், கரண்டு இல்லாவிட்டால் மின்சாரம் இல்லை என்பாள். இன்றைக்கும் வணக்கம் காதில் விழுந்தது. அதற்கு அடுத்த சொல்லின் மேல் குக்கரின் முதல் விசில் ஏறி உட்கார்ந்துவிட்டது. என்ன சொன்னாள்? இயக்கப்பட்டது என்றாளா, இல்லை என்றாளா? கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தாள். முதல் தடவை இயக்கப்பட்டது என்றது. இரண்டாம் தடவை இல்லை என்றது. மூன்றாம் தடவை வெறும் விசில்தான் கேட்டது, பருப்பு வாசனையோடு.

முனிரத்தினத்துக்குப் போட்டாள். மணி போய்க்கொண்டேயிருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். விவரம் தெரிந்தவன், பியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் ஆளை இறக்குவான். பிடுங்கியிருப்பான். பிடுங்கியிருந்தால் ஏன் எடுக்கவில்லை? சிவப்புப் பட்டனை அமுக்கினால் போதுமென்று இறக்கியிருந்தால்? அந்தப் பெட்டி இரண்டு போனுக்குத்தான் பணியும். ஒன்று அவருடையது, அது அன்றைக்கே வாய்க்கால் தண்ணீரில் ஊறிப் போனது. இன்னொன்று இவள் கையில் இருக்கிறது என்பது முனிரத்தினத்துக்கு எப்படித் தெரியும்? செத்தவர் போன் செத்தது, இனிமேல் அங்கே யார் ரிங் விடப்போகிறார்கள் என்று நிம்மதியாக இறக்கியிருப்பான். இடுப்பளவுத் தண்ணீரில் நாலு பேர், சேற்றைக் கூடையில் அள்ளிக்கொண்டு, ஒருவன் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான், ஒயர் எங்கேயாவது தோல் உரிந்து கிடக்கும். சட்டென்று இன்னொரு ரிங் விட்டு நிறுத்திவிடலாம் என்று விரல் போய்விட்டது. போன வேகத்தில் இழுத்துக்கொண்டாள். முதல் ரிங்கில் கரண்டு இல்லாமல் இருந்து, இப்போது கரண்டு வந்திருந்தால், இந்த ரிங்கில் அல்லவா அது ஓட ஆரம்பிக்கும்? கரண்டு இல்லாதபோது விட்ட ரிங்கை அந்தப் பெட்டி ஒன்றென்று எடுத்துக்கொள்ளுமா, விட்டுவிடுமா? அவர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே இதை விளக்கமாகச் சொன்னார். சொன்னது ஞாபகம் இருக்கிறது. வெண்டைக்காய்ப் பொரியல் அன்றைக்கு, உப்புக் கொஞ்சம் தூக்கல், அதுகூட ஞாபகம் இருக்கிறது. சொன்னது என்னவென்று ஞாபகம் இல்லை. அவர் வயல், கிணறு என்று பேச ஆரம்பித்தாலே காதை மூடிக்கொள்வது அவளுக்கு இருபது வருஷத்துப் பழக்கம்.

அவர் பிறந்தது பெரம்பூர். அப்பா காலத்திலிருந்து வாடகை வீடு, கக்கூஸுக்கு வரிசை, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். லேத் பட்டறையில் முப்பது வருஷம் நின்றவர். நெல்லும் புல்லும் கல்யாணத்துக்கு அப்புறம், மாமியார் வீட்டுக்கு வந்தபோதுதான் கிட்டத்தில் பார்த்தார். பார்த்ததிலிருந்து பிடித்துக்கொண்டது. வரப்பில் நின்று, "இன்னா அழகா தலைய சாய்ச்சிக்கினு கீது பாரு நவநீதம்" என்பார், நெற்கதிரைப் பார்த்து, சொந்தக்காரப் பெண்ணைச் சொல்வதுபோல. ஊரே சிரித்தது. மெட்ராஸ்காரர் வந்துட்டாரு, பயிரெல்லாம் எழுந்து நில்லுங்க என்று முனிரத்தினமே கேலி பண்ணியிருக்கிறான். அவரை அண்ணா என்று கூப்பிட்டுப் பழகி, பிறந்த ஊரிலேயே இவளை அண்ணியாக்கிவிட்டவன் அவன். ஓய்வு பெற்றதும் முனிரத்தினத்தின் கொல்லையை ஒட்டி எண்பது சென்ட் நிலம் வாங்கினார், கிணற்றில் பாதி உரிமையோடு. வாரத்தில் நாலு நாள் அங்கே, மூன்று நாள் இங்கே. வரும்போது நகக்கண்ணில் மண்ணோடு வருவார், கழுவச் சொன்னால் இருக்கட்டும் என்பார். நீயும் வாயேன், கொட்டகையிலேயே ஒரு ரூம் போட்டுக்கலாம் என்று எத்தனையோ தடவை கேட்டார். அவளுக்கு அந்த மண் என்றாலே விரலிடுக்கில் அரிக்கும். அஞ்சாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது, களை எடுக்க ஆள் பத்தவில்லை என்று அப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். பரீட்சைக்கு அனுப்பி விடுகிறேன் என்றுதான் டீச்சரிடம் சொன்னார். அந்தக் களை இன்னும் முடியவில்லை. சேற்றுப்புண்ணும் இடுப்புவலியும் எல்லாவற்றுக்கும் மேல் கோரையும். பிடுங்கினால் மேலே அறுந்து வரும், கிழங்கு அடியில் உட்கார்ந்திருக்கும், நாலாம் நாள் பார்த்தால் பச்சையாய் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். விரல் மடிப்பில் அது கிழித்த கோடு இப்போதும் இருக்கிறது, வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். அந்தக் கோரையை அவர் ஒரு நாள் கொத்தாகப் பறித்து, பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுவந்து, டம்ளரில் தண்ணீர் விட்டு இதே சமையலறை ஜன்னலில் வைத்தார். "காத்தடிச்சா இன்னா ஆட்டம் ஆடுது தெரியுமா!" அவள் டம்ளரோடு எடுத்துக் குப்பையில் கொட்டினாள். டம்ளரையாவது விட்டிருக்கலாம். எவர்சில்வர் டம்ளர். கோபத்தில் அதையும் சேர்த்துப் போட்டு, அப்புறம் குப்பைக்குள் கைவிட்டுத் தேடினாள், அவர் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்தும் பார்க்காத மாதிரி.

போன் அடித்தது. பார்த்தால் மகள் தேன்மொழி, ஓசூரிலிருந்து. "இன்னாம்மா, குரலே சரியில்ல?" "ஒண்ணுமில்ல, வைடி." "முட்டியா?" "முட்டியும் இல்ல முழங்கையும் இல்ல, ஒரு போன் வரணும், வை." "அடேங்கப்பா, எனக்குத் தெரியாம உனக்கு யாரு போனு?" "வைக்கிறியா இல்லியா?" வைத்துவிட்டாள். வைத்த பிறகு, பெண் என்ன நினைத்துக்கொள்ளுமோ என்று அது வேறு. யாரு போனு என்று கேட்டது அப்படியே அவர் கேட்கிற மாதிரி இருந்தது. இல்லை, அதைக் கேட்டவள் இவளல்லவா. யாரு அந்த மோகனா என்று கேட்டவள்.

அது பெட்டி மாட்டிய புதுசு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குளிக்கப் போயிருந்தார். போன் மேஜைமேல் இருந்தது. சும்மா எடுத்துப் பார்த்தாள். சும்மா என்று யாரிடம் சொல்வது, பார்க்க வேண்டுமென்றுதான் எடுத்தாள், வாரத்தில் நாலு நாள் ஒரு மனுஷன் கோரையைப் பார்க்கவா போகிறான் என்று. போன் பண்ணிய பட்டியல் முழுக்க ஒரே பேர். கி.மோ. கி.மோ. கி.மோ. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் அன்றைக்கு ஒரே பார்வையில் படித்துவிட்டாள். கி. மோகனா. கிருஷ்ணன் மகளோ கிட்டப்பன் மகளோ, யாரோ ஒரு மோகனா. அழுத்தினாள். எடுத்தது ஒரு பெண். வணக்கம் என்றாள், தேனாட்டம். அதற்கு மேல் கேட்க உடம்பு ஒத்துழைக்கவில்லை, வைத்துவிட்டாள். அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. சோற்றைத் தட்டில் அடித்து வைத்தாள். சாயங்காலம் முனிரத்தினம் கூப்பிட்டு, "ண்ணா, காலையிலேர்ந்து கரண்டு போற வரைக்கும் உங்க மோட்டார் ஓடி எங்க மல்லாட்டக் கொல்லையெல்லாம் ஏரியாட்டம் கெடக்குது" என்று சத்தம் போட்டான். வேர்க்கடலைக்கு அங்கே மல்லாட்டை என்றுதான் பேர். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, நான் போடவே இல்லியே என்று திரும்பத் திரும்பச் சொல்ல, அவளுக்குப் பொறுக்கவில்லை. "யாரு அந்த மோகனா?" "எந்த மோகனா?" "கி. மோகனா." அவர் போனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தார். கிணத்து மோட்டார்டி. கி, மோ. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்றிலிருந்து அந்தக் குரலுக்கு மோகனா என்றே பேராகிவிட்டது. பஸ் நடுவழியில் நின்றுவிட்டால் கூப்பிடுவார், "மோகனாவுக்கு ஒரு ரிங் வுடு, நாத்து காயுது" என்று. இவள் பேரை அவர் போனில் வீ.மோ என்று மாற்றி வைத்து அதையும் காட்டினார். வீட்டு மோட்டாராம். "நீ எப்பவும் ஓடிக்கினே கீறியே." ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மனசு என்கிற இதை நிறுத்த எந்த எண்ணுக்கு ரிங் விடுவது?

முனிரத்தினம் எடுக்கவில்லை. ஏழாவது தடவை. இப்படித்தான், இதே மாதிரி எடுக்காத போன். இல்லை, அன்றைக்கு அவள் கூப்பிடவே இல்லை. அதுதானே. அங்கே இருக்கிற நாளில் பதினொரு மணிக்கு அவர்தான் கூப்பிடுவார், சாப்டியா என்று. பதினொரு மணிக்கு யார் சாப்பிடுவார்கள், ஆனாலும் அதுதான் கேள்வி. அன்றைக்கு விடிகாலையில் கிளம்பும்போது சண்டை. தேன்மொழி வருகிற நாளாயிற்றே, ஒரு வாரம் போகாமல் இருந்தால் என்ன என்றாள். கத்தரி பூவெடுத்திருக்கு, தண்ணி கட்டணும் என்றார். "அந்தக் கெணத்தையே கட்டிக்கினு அழு" என்று சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பதினொன்று ஆயிற்று, போன் வரவில்லை. கோபம் என்று நினைத்தாள். நாமாகப் பண்ணினால் குறைந்து போய்விடுமாக்கும் என்று போனைக் குப்புறப் போட்டு வைத்தாள். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. இரண்டு மணிக்கு முனிரத்தினம். தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு அவன் கொல்லைக்குள் வந்ததைப் பார்த்து, மறுபடியுமா என்று திட்டிக்கொண்டே வந்திருக்கிறான். வாய்க்காலில் மண்வெட்டி கிடந்திருக்கிறது. பக்கத்தில் அவர், கன்னத்தைக் கரையில் வைத்து. தண்ணீர் அவர்மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்ததாம். விழுந்ததுமே போய்விட்டது, யார் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அவளும் எல்லோரிடமும் அதையே சொன்னாள். ஆனால் மூன்று மணி நேரம். ஒரு ரிங் விட்டிருந்தால் தண்ணீராவது நின்றிருக்கும். அவர்மேல் தண்ணீர் போகாமலாவது இருந்திருக்கும்.

காரியம் முடிந்து எல்லோரும் போன மறுநாள், பதினொரு மணிக்கு, அவர் பேரைத் தேடி அழுத்துகிறோம் என்றுதான் அழுத்தினாள். விரல் ஒரு வரி கீழே போய்விட்டது. வணக்கம். மோட்டார் இயக்கப்பட்டது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவர் போன் செத்துவிட்டது, சட்டையைக் கொடுத்துவிட்டார்கள், கட்டிலை மடக்கிப் பரணில் போட்டாயிற்று. இது ஒன்று மட்டும் கூப்பிட்டால் எடுக்கிறது, சொன்னால் கேட்கிறது. எங்கேயோ அவர் கிணற்றுத் தண்ணீர் அவர் தொட்டியில் விழுகிறது, இவள் சொன்னதால். நூறு வரை எண்ணினாள். மறுபடி ரிங் விட்டு நிறுத்தினாள். அப்புறம் தினமும். போன மாசம் முனிரத்தினம் சிரித்துக்கொண்டே சொன்னான், "ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா அண்ணி? அண்ணன் டெய்லி பதினொண்ணுக்கு வந்து மோட்டார் போட்டுட்டுப் போறாராம். எங்க பெரிம்மா அந்தப் பக்கமே போறதில்ல." சொல்லிவிட்டு ஒரு பீடியைப் பற்ற வைத்தான், தீக்குச்சி உரசுவது போனில் கேட்டது. அந்த இடைவெளியில் சொல்லியிருக்கலாம், நான்தாம்பா என்று. ஐம்பத்து நாலு வயசுப் பொம்பளை கிணற்றுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? அப்படியா என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினாள். நேற்றும் மாற்றினாள். வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்ல வெட்கம். அந்த வெட்கத்துக்கு நாலு உயிர். யாருடைய பிள்ளைகளோ, காலையில் கூழ் குடித்துவிட்டு வந்திருப்பார்கள். கடிகாரத்தில் பதினொன்று பதிமூன்று. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மோகனாவைக் கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் இருக்கவும் பயம்.

அடித்தது. முனிரத்தினம்.

"அண்ணி, கூப்டீங்களா? சட்டையக் கழட்டி வேப்ப மரத்துல மாட்டிட்டன், போனு அதுலயே கெடந்துது."

"முனிரத்தினம், ஆளு... ஆளுங்க எறங்கிட்டாங்களா?"

"எங்க எறங்கறது? உங்களுக்காகத்தான் எல்லாம் கரையில குந்திக்கினு கீறோம்."

அவளுக்குப் புரியவில்லை.

"நீங்க ரெண்டாவது ரிங்கு வுடலியே அண்ணி. எப்பவும் நூறு எண்றதுக்குள்ள நின்னுடும். இன்னிக்கு இன்னாடா இது, அண்ணி தூங்கிடுச்சான்னு பாத்துக்கினு கீறோம். கையால நிறுத்திட்டு ஆள எறக்கி, அப்பறம் நீங்க ரிங்கு வுட்டா? மறுபடி ஓடுமே. பியூஸப் புடுங்கிடலாம்னு இவனுங்க சொன்னானுங்க. நாந்தான், இருங்கடா, கரண்டு இல்லன்னு அது சொன்னா அண்ணி அங்க ஒண்டியாக் குந்திக்கினு பயந்துக்கும், அது போட்டு நிறுத்தட்டும், அப்பறம் புடுங்கலாம்னேன்."

"உனக்குத் தெரியுமா?"

"மொத நாள்லேர்ந்து தெரியும். எங்க பெரிம்மாவுக்குத்தான் தெரியாது." பின்னால் யாரோ, "மெட்ராஸ் அண்ணியா? மிச்சத் தண்ணியும் எறைச்சிக் குடுத்துட்டாங்க, ஒரு வேல கொறைஞ்சிதுன்னு சொல்லு" என்று கத்த, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நாலு பேரும் கரையில்தான். சிரிக்கிறார்கள். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். உயிர் வந்தது. வந்த கையோடு இன்னொன்று போனதுபோலவும் இருந்தது. நாலு மாசமாகத் தனக்கும் அவருக்கும் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தது, வேப்ப மரத்தடியில் பீடி பிடிக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாக இருந்திருக்கிறது.

"அண்ணி, இன்னொண்ணு. உங்க தண்ணி போற எடத்துல பயிரு ஒண்ணுமில்லையா, கோரையா மண்டிக் கெடக்குது. முட்டிக்கு மேல. ஆளு வந்துகீறாங்க, அப்பிடியே புடுங்கிடச் சொல்லட்டுமா?"

கோரை. அவள் ஊற்றிய தண்ணீருக்கு அங்கே கோரை. கட்டைவிரல் தானாகப் போய் விரல் மடிப்பின் கோட்டைத் தேய்த்தது. ஜன்னலில் எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது, டம்ளர் இருந்த இடம் காலியாக இருந்தது.

"வேணாம்" என்றாள். "இருக்கட்டும்."

"கோரைங்க அண்ணி."

"தெரியும்பா. நான் புடுங்காத கோரையா? இருக்கட்டும்."

"சரி, நிறுத்துங்க. நின்னதும் பியூஸப் புடுங்கிடுவேன். வேல முடிய மூணு நாளாவும், அதுவரைக்கும் போடாதீங்க. போட்டாலும் கரண்டு இல்லன்னுதான் சொல்லும், பயந்துக்காதீங்க. முடிஞ்சதும் நானே சொல்றன்" என்று வைத்தான்.

மூன்று நாள். மூன்று பதினொரு மணி. பேரைத் தேடினாள், வரி மாறாமல் பார்த்து அழுத்தினாள். விசில் இல்லை, தெருவில்கூடச் சத்தம் இல்லை. வணக்கம் என்றாள் அந்தப் பெண். மோட்டார் நிறுத்தப்பட்டது என்றாள், ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுகிற மாதிரி. இப்போது இறங்குவார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக. லைன் போய்விடுவதற்குள் அவசரமாக நவநீதம் சொன்னாள்:

"சரி மோகனா."